புளி போட்டுத் தேய்த்த துட்டு

வந்து இறங்கி இன்னும் குளிக்கவில்லை. கோபம் ஆறுமுன் இதைச் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு இரவு பஸ்ஸில் போகிறவர்கள் ‘ஏசி’ என்ற சொல்லை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். வவுனியா தாண்டியதும் ஏசி நின்றுவிட்டது. யன்னலோ திறக்காத வகை. கொண்டக்டரைக் கேட்டால் “இப்ப வரும் அண்ணை” என்றார். வந்தது வேர்வைதான். பக்கத்து சீட் ஐயா வேட்டியை மடித்துக் கட்டி, பேப்பரால் எனக்கும் சேர்த்து விசிறினார். அவர் புண்ணியவான்.

விடிய நாலு மணிக்கு இறக்கிவிட்டார்கள். அங்கே நின்ற ஒரே ஓட்டோக்காரர் கல்லடிக்கு 1,500 கேட்டார். பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே என்றேன். “பாலம் நீளம் தம்பி” என்றார். பேசிப் பேசி 1,200. பகலில் அதே தூரத்துக்கு 400 கொடுத்தேன். அந்த 800 ரூபாய் இரண்டு நாளும் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

சரி, போன காரியம். நண்பனின் மாமா ஒருவரிடம் ஒரு பிஸ்கற் டின் நிறையப் பழைய காசு இருக்கிறது. விற்பதற்கு அல்ல, நானும் வாங்கப் போகவில்லை. அந்தக் காசுகளில் எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். படம் எடுப்பது எப்படி என்று ஒன்று, இரண்டு போட்டு எழுதுவதாகச் சிலருக்குச் சொல்லியிருந்தேன். அந்த ஒழுங்கில் வராது, மன்னிக்கவும்.

மாமா நித்திரையால் எழும்பும்வரை புளியந்தீவுக் கோட்டைப் பக்கம் நடந்தேன். செலவில்லாத இடம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருஷத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. அங்கே வி.ஓ.சி. எனப்படும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை இருக்கிறது: பெரிய ‘வி’, அதன் இரண்டு கால்களிலும் கோத்ததுபோல் ஓவும் சீயும். நம்முடைய வ.உ.சி. கப்பலோட்டிய தமிழர், இந்த வி.ஓ.சி. கப்பலோட்டிய ஒல்லாந்தர். கல்லில் இருக்கும் அதே முத்திரைதான் அவர்களுடைய செப்புக் காசிலும். அந்தச் சின்னக் காசின் பெயர் ‘டொய்ட்’. நாம் ‘துட்டு’ என்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான்.

மாமா டின்னைத் திறந்தார். எனக்கு அழுகை வராத குறை. செப்புக் காசெல்லாம் புதுக் குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்கிறது! போன தீபாவளிக்கு மாமி விளக்கோடு சேர்த்துக் காசையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டாராம். “எப்படி மினுங்குது பாருங்க மனே” என்று பெருமை வேறு. என்ன சொல்வது? இருநூறு வருஷமாகப் படிந்த அந்தக் கபில நிறம்தான் செப்புக் காசுக்குத் தோல். பள்ளத்தில் கறுப்பு இருந்தால்தான் மேட்டில் இருக்கும் எழுத்து கண்ணுக்குத் தெரியும். புளி அந்தக் கறுப்பை எடுத்துவிடும், செப்பையும் கொஞ்சம் தின்னும். தயவுசெய்து புளி, எலுமிச்சை, பற்பசை எதுவும் வேண்டாம். விளிம்பில் பிடியுங்கள், பாருங்கள், திரும்ப வையுங்கள்.

ஆனால் மாமி வைத்த இறால் குழம்பும் பிட்டும் சாப்பிட்ட பிறகு என்னால் கோபத்தைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. அதன்மேல் சட்டியோடு வைத்த எருமைத் தயிர், கத்தியால் வெட்டுகிற கட்டி. யாழ்ப்பாணத்தில் தயிர் என்று நாங்கள் சாப்பிடுவதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும். மூன்று முறை போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக் காசுகள் தப்பியிருந்தன. ஐந்தாம் ஜோர்ஜ் தலை போட்ட இந்திய ரூபாய்கள். இலங்கையில் அப்போது ஒரு ரூபாய்க் காசென்றால் அதுதான். சங்கிலியில் கோக்கக் காது ஒட்டியிருந்தார்கள். நல்லவேளை, காது தலைக்கு மேலே, குறியோ மறுபக்கத்தில் அடியில். தாமரைப் பூவுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. தூசியையும் புள்ளி என்று நினைத்து நான் ஏமாந்ததுண்டு. மெல்ல ஊதிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள். 1911ஆம் ஆண்டுக் காசு ஒன்றும் கிடந்தது. அரசரின் அங்கிச் சங்கிலியில் இருக்கும் யானை, பன்றி மாதிரித் தெரிகிறது என்று அந்தக் காலத்தில் பெரிய பிரச்சினையாகி, அடித்ததில் பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். உற்றுப் பார்த்தேன். பன்றிதான்.

1910ஆம் ஆண்டின் சதுர ஐந்து சதத்தில் ‘எச்’ குறி, அதாவது பர்மிங்ஹாம் ஹீட்டன் நாணயச்சாலை. அதை இரண்டு நிமிடத்தில் முடித்தேன். ஏனென்றால் என் கண் முழுக்க ஒரு தடித்த, கோணல் செப்புக் காசில் இருந்தது. ஒல்லாந்தர் இலங்கையிலேயே அடித்த ‘ஸ்டைவர்’ என்ற காசு. கம்பனி முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து இருக்கும்: சி (C) என்றால் கொழும்பு, ஜி (G) என்றால் காலி, ரி (T) என்றால் திருகோணமலை, ஐ (I) என்றால் யாழ்ப்பாணம். ஆண்டில் 17 மட்டும்தான் மிச்சம். மேலே நேராக ஒரு கோடு.

ஐ! எங்கள் ஊர்!

போனின் பிளாஷை அணைத்தேன். அது நேரே அடித்தால் எழுத்தெல்லாம் தட்டையாகிவிடும். விறாந்தையில் நான்கு புத்தகம் அடுக்கி, போனை அதன்மேல் படுக்க வைத்து, விளிம்பால் கமரா எட்டிப் பார்க்க, இரண்டு செக்கன் டைமர் வைத்தேன். கிட்டக் கொண்டுபோனால் போனின் நிழலே விழும். கொஞ்சம் தள்ளி வைத்து ஸூம் செய்யுங்கள். பின்னேர வெயில் இடப்பக்கத்திலிருந்து சாய்வாக வந்தது. பதினேழு படம். எல்லாவற்றிலும் அழகான ஐ. ‘யாழ்ப்பாணம்’ என்று ஃபோல்டர் திறந்து, நண்பனுக்கும் அனுப்பிவிட்டேன்.

மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பார்த்திருந்தார். “காசைக் கொஞ்சம் திருப்பி வையுங்க மனே” என்றார். கால்வாசி திருப்பினேன். வெயில் இப்போது எழுத்தின் தலைப்பக்கத்திலிருந்து விழுந்தது. கோட்டின் உச்சியில் மெல்லிய குறுக்குக்கோடு ஒன்று எழும்பி வந்தது, இரண்டு பக்கமும் நீண்டு.

வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோட்டுக்கு நிழல் விழாது. எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஊர் ஆசையில் மறந்துவிட்டேன். புளி தின்றது போக மிச்சமிருந்த அந்தக் குறுக்குக்கோடு பதினேழு படத்திலும் வெயிலுக்கு நேராகப் படுத்திருந்தது.

“திருகோணமலை” என்றார் மாமா. “நம்மட பக்கம்.”

ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். திரும்பி வர ஏசி இல்லாத பஸ்ஸில் ஏறினேன். யன்னல் திறந்தது.