இருபது சுமைக்கு ஒரு சென்டிமீட்டர்

போன வருஷம் நாங்க கட்டுன ஒரு படகை தண்ணில இறக்குன நாளை முதல்ல சொல்லிடறேன், அது இன்னும் மனசுல உறுத்திட்டே இருக்கு. காயல்ல ஓடுற பயணிகள் படகு, 12 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், டிராயிங்ல டிராஃப்ட், அதாவது படகு தண்ணிக்குள்ள இறங்கி நிக்கற ஆழம், 45 சென்டிமீட்டர்னு போட்டது நான்தான். ஹல்லுல, அதான் படகோட உடம்புல, கீழ சிவப்பு பெயிண்ட், மேல வெள்ளை, ரெண்டும் சேர்ற கோடு தண்ணிக்கு மேல நாலு விரல் தெரியணும். கிரேன் பெல்ட் தளர்ந்துச்சு, படகு தண்ணில உக்காந்துச்சு, கோட்டைக் காணோம். ஸ்கேல் வச்சு அளந்தா 53.

எப்படின்னு பாருங்க. இந்த சைஸ் படகு தண்ணி மட்டத்துல அடைச்சுக்கற பரப்பு சுமார் 40 சதுர மீட்டர், அதனால மேல 400 கிலோ ஏத்துனா ஒரு சென்டிமீட்டர் இறங்கும், இதுல பேரமே கிடையாது. கடைசி ரெண்டு மாசத்துல ஓனர் தரப்புல இருந்து கிச்சனுக்கு கிரானைட் மேடை, தரைக்கு டைல்ஸ், பெரிய ஜெனரேட்டர், 500 லிட்டர் டேங்குக்கு பதிலா 1000 லிட்டர், ஏசி, அதுக்கு பேட்டரின்னு வந்துட்டே இருந்துச்சு, ஒவ்வொண்ணுக்கும் "இது ஒண்ணுதானே சார்"னு. ஒண்ணு ஒண்ணா மூணு டன்னுக்கு மேல. அந்த ரூட்டுல கோடைல ரெண்டு இடத்துல 60 சென்டிமீட்டர் தண்ணிதான் நிக்கும். மிச்சம் ஏழு சென்டிமீட்டர்தானேன்னு ஸ்பீடா போகவும் முடியாது, ஏன்னா ஆழம் கம்மியான இடத்துல வேகமா போனா அடியில தண்ணி நெருக்கி ஓடி அழுத்தம் குறைஞ்சு படகே இன்னும் கீழ இழுபடும், பின்பக்கம் போய் தரை தட்டும்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு கப்பலைப் பத்தின குறிப்புகளை எடுத்து வச்சு உக்காந்துட்டேன். பேரு 'பீஸ்', சமாதானம்னு அர்த்தம். 1882-ல லண்டன் பக்கம் தேம்ஸ் கரைல சிஸ்விக்ல தார்னிகிராஃப்ட்ங்கற கப்பல் கட்டுற யார்டு கட்டுன நீராவிப் படகு, ஆப்பிரிக்காவுல காங்கோ ஆத்துக்காக, பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மிஷன்காரங்களுக்கு. சுமார் 70 அடி நீளம், பத்தரை அடி அகலம், டிராஃப்ட் வெறும் 12 அங்குலம். பாய்லர், இன்ஜின், விறகு எல்லாம் வச்சுக்கிட்டு முழங்காலுக்கு கீழ தண்ணில ஓடுற கப்பல்! பிரிட்டிஷ் கடற்படைக்கு முதல் டார்பிடோ படகு 'லைட்னிங்'கை 1876-ல கட்டுனதும் இதே யார்டுதான், மெல்லிசான தகட்டுல உறுதியா கட்டுற கை அவங்களுக்கு அப்பவே பழகியிருந்துச்சு.

ஆனா எடை மட்டும் பிரச்சனை இல்ல. புரொப்பல்லர் பெருசா மெதுவா சுத்துனாதான் நல்லா தள்ளும், 12 அங்குல தண்ணில பெரிய புரொப்பல்லரை எங்க வைக்கிறது? அடியில பின்பக்கமா ஹல்லையே மேல் நோக்கி குடைஞ்சு ஒரு சுரங்கம் மாதிரி விட்டு அதுக்குள்ள வச்சாங்க. புரொப்பல்லரோட மேல்பாதி வெளித் தண்ணி மட்டத்துக்கு மேல நிக்கும், ஆனா சுத்த ஆரம்பிச்ச உடனே உள்ள இருக்கற காத்தை வெளிய தள்ளிடும், அந்த இடத்துல தண்ணி ஏறி நிரம்பிக்கும், ஸ்ட்ராவுல இளநி ஏறுற கதைதான். சுரங்கத்தோட பின் வாய் தண்ணிக்குள்ளயே இருக்கணும், அங்க காத்து நுழைஞ்சா முடிஞ்சது, புரொப்பல்லர் நுரையைக் கடையும், படகு நகராது. பின்னாடி 'யாரோ' (Yarrow)ங்கற பேர்ல இருந்த இன்னொரு கப்பல் கட்டுற கம்பெனி அந்த வாய்ல கீல்ல மடங்கற ஒரு கதவு வச்சு இதை இன்னும் நல்லா பண்ணுச்சு. இன்னிக்கும் ஆழமில்லாத ஆத்துல ஓடுற படகுங்கள்ல இந்த சுரங்கம் உண்டு, நானே ரெண்டு படகுல போட்டிருக்கேன்.

இப்பதான் விஷயத்துக்கு வரேன். காங்கோ ஆத்துல கடல்ல இருந்து கப்பல் மத்தாடி வரைக்கும்தான் வரும், அதுக்கு மேல 300 கிலோமீட்டருக்கும் கூடுதலா அருவியும் பாறையுமா இருக்கும், அதைத் தாண்டுனாதான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடக்கூடிய ஆறு. அதனால பீஸை தேம்ஸ்ல ஓட்டிப் பார்த்துட்டு மறுபடி பிரிச்சு சுமார் 800 சுமையா கட்டுனாங்க, ஒரு சுமை கிட்டத்தட்ட 30 கிலோ, காங்கோ ஆளுங்க தலைல வச்சு மலை ஏறி இறங்கி கொண்டு போனாங்க. அந்த 'யாரோ' கம்பெனி கட்டுன சில கப்பல்கள்ல ஹல்லே மிதக்கற பெட்டி பெட்டியா வரும், தண்ணில விட்டு போல்ட் போட்டு சேர்த்துடலாம், ஜாம்பெசி ஆத்துல அப்படித்தான் செஞ்சாங்க. இங்க அந்த வசதி இல்ல, ஒரு ஆள் தூக்க முடியாத எதுவும் அந்தப் பாதைல சிரமம்.

நான் பேப்பர்ல ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பீஸோட தண்ணி மட்டப் பரப்பு சுமார் 58 சதுர மீட்டர் வரும், 580 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர். அப்படின்னா இருபது பேர் தலைச்சுமை ஒரு சென்டிமீட்டர். டிராயிங் போர்டுல ஒருத்தன் பிளேட்டை கொஞ்சம் கனமா போட்டுட்டா காங்கோவுல இன்னும் இருபது பேர் சும்மாடு கட்டி கிளம்பணும், அங்க போய் சேர்ந்தும் கப்பல் மணல்ல தட்டும். எனக்கு இதை நினைச்சா சிலிர்க்குது. எல்லாரும் தார்னிகிராஃப்ட் பேரைச் சொல்றாங்க, எனக்கு முதல்ல கண்ணு முன்னாடி வர்றது அந்தத் தலைங்கதான்.

பிரிச்சு கொண்டு போன கப்பலை மறுபடி சேர்த்துப் பூட்டுறதுக்கு அனுப்புன இன்ஜினியர்ங்க இறந்து போக, சிஸ்விக்ல கட்டும்போது கூட இருந்து பார்த்த ஜார்ஜ் கிரென்ஃபெல்ங்கற மிஷனரியே முன்னால நின்னு ரிவெட் அடிக்க வச்சு 1884-ல தண்ணில இறக்குனார். சாயங்காலம் ஆனா கரைல நிறுத்தி மறுநாளைக்கு விறகு வெட்டணும், ஏன்னா விறகும் எடைதான். அதுலயே போய் உபாங்கி ஆத்துக்குள்ள தூரமா நுழைஞ்சு பார்த்துட்டு வந்தார்.

இப்ப எங்க யார்டு கேட்ல ஒரு தொங்கு தராசு மாட்டியிருக்கேன். புதுப் படகுக்கு வர்ற எதுவும், கதவுக் கீல் வரைக்கும், அதுல தொங்கி நோட்டுல ஏறினப்புறம்தான் உள்ள போகும். ஓனரும் கையெழுத்து போடணும். நேத்து நங்கூரச் சங்கிலி வந்துச்சு, வெல்டர் தம்பி மாட்டிட்டு கத்துனான், "அண்ணே, அம்பத்தெட்டு". ரெண்டு சுமைன்னு எழுதிக்கிட்டேன்.