முருங்கை வீட்டு அம்மா

அதிபரைப் பற்றி, கணக்கு வாத்தியாரைப் பற்றி, பிரம்படிகளைப் பற்றியெல்லாம் எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலரில் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் அம்மாவைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டதும் மலர்க்குழுவில் இருக்கிற நண்பன் "தியாகத் தாய் எண்டு தலைப்புப் போடுவமே" என்றான். வேண்டாம் என்றேன். தியாகம் செய்கிற ஆளாக நான் அம்மாவை ஒருநாளும் கண்டதில்லை, தான் நினைத்ததை நடத்தி முடிக்கிற ஆளாகத்தான் கண்டிருக்கிறேன்.

எங்கள் வகுப்புக்காரர் பலருக்கு அவரைத் தெரியும். கல்லூரிக்குப் பின்பக்க ஒழுங்கையில், மதிலோடு பெரிய முருங்கை நின்ற வீடு. பந்து விழுந்து தேடி வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர், பிறகு ஏச்சு, அதற்கும் பிறகுதான் பந்து.

அம்மாவின் தகப்பனார் மலாயாவில் ரயில்வே கிளாக். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் எத்தனையோ கல்வீடுகள் மலாயாக் காசில் எழும்பியவைதான், மலாயன் பென்சனியர் என்றால் கோயில் திருவிழாவிலும் தனி மரியாதை. ஆனால் அம்மாவுக்குத் தகப்பன் என்றால் மாதா மாதம் வருகிற மணியோடர், சில வருடங்களுக்கு ஒருமுறை கப்பலில் வந்து இறங்கி விறைப்பாக நிற்கிற ஒரு மனுசன், அவ்வளவுதான். அவர் பென்சன் எடுத்துக்கொண்டு வந்தபோது அம்மா வளர்ந்துவிட்டார். "ஐயாவோட என்ன கதைக்கிறது எண்டு எங்களுக்கும் தெரியேல்லை, அவருக்கும் தெரியேல்லை" என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

அதனால்தானோ என்னவோ, 1980களின் தொடக்கத்தில் ஊரில் ஆண்கள் ஒவ்வொருவராக மத்திய கிழக்குக்குப் போகத் தொடங்கியபோது அப்பாவும் சவூதிக்குப் போக வெளிக்கிட, அம்மா ஏஜென்சிக்குக் கட்ட நகையைத் தர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கூழென்றாலும் எல்லாரும் ஒரு சட்டியைச் சுற்றியிருந்து குடிப்போம் என்பதுதான் அவர் கட்சி. அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், கிளாக்காகவே இருந்து ஓய்வு பெற்றார். அது சரியான முடிவா என்பதில் அண்ணாவுக்கும் எனக்கும் இன்றைக்கும் தகராறு இருக்கிறது. சவூதிக் காசு வந்திருந்தால் அக்காவின் சீதனத்துக்குக் காணி விற்க வேண்டி வந்திராது என்பார் அண்ணா. கணக்குப் பார்த்தால் அவர் சொல்வது சரி. ஆனால் பின்னேரம் ஐந்தரைக்கு அப்பாவின் சைக்கிள் மணி கேட்டு வளர்ந்தவன் நான், என்னால் அந்தக் கணக்குக்குள் போக முடியவில்லை.

1990இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. உயர்தரம் படித்ததெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில்தான் என்று நம்மவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, இங்கே சிங்கப்பூரில் பிறந்த எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்: போத்தலின் அடியில் பஞ்சு, பஞ்சு நனைகிற அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த நேரம் தீவுப்பகுதியில் இருந்து இடம்பெயர்ந்த வகுப்புத் தோழர் இருவர் எங்கள் வீட்டில்தான் இருந்தார்கள். ஒரு விளக்கைச் சுற்றி மூன்று பேர். அம்மா எண்ணெயை மூடியால் அளந்து ஊற்றுவார், சிந்தினால் துடைத்த துணியைக்கூட அடுப்பு மூட்ட எடுத்து வைப்பார். நாங்கள் படித்து முடிக்கும்வரை அவரும் அந்த மேசையில்தான். காவலுக்கு இருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம், அவரோ சுளகில் முருங்கையிலையை ஆய்ந்துகொண்டிருப்பார். எரிகிற விளக்குக்கு இன்னொரு வேலையும் கொடுத்தால் அவ்வளவு எண்ணெய் மிச்சம். மறுநாள் அது சுண்டலாகும், மூன்று சாப்பாட்டுப் பெட்டியிலும் ஒரே அளவு. சீனி கிடைக்காத காலம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் தேத்தண்ணி. அதிலும் தோழர்களுக்குப் பெரிய துண்டு, எனக்குச் சின்னது! கேட்டால், "உனக்கு நான் இருக்கிறன், அதுகளின்ர தாய்மார் எங்கயோ" என்பார்.

போரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 அக்டோபர் 30 இரவு பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. மழை, நாவற்குழிப் பாலம், நகர முடியாத சனம். அம்மா தன் கையால் எடுத்தது ஒரு நெஸ்பிறே பால்மா டின், அதற்குள் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும் பரீட்சைச் சான்றிதழ்களும் சுருட்டிப் பொலித்தீனில் சுற்றி இருந்தன. நகை அப்பாவின் இடுப்பில். எது முக்கியமானதோ அது தன்னிடம் இருக்க வேண்டும் என்பது அவர் நிர்வாகம். மாதக்கணக்கில் டின்னுக்குள் இருந்த காகிதம் நிமிரவே இல்லை. 1999இல் இங்கே வேலைக்கு நேர்முகத்துக்குப் போனபோது அதிகாரி என் சான்றிதழை விரித்துவிட்டுக் கையை எடுத்தார், அது மறுபடி சுருண்டுகொண்டது. கடைசியில் ஒரு மூலையில் கைத்தொலைபேசியையும் மறுமூலையில் ஸ்டேப்ளரையும் வைத்துத்தான் வாசித்தார்.

அப்பா காலமானபின், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதையும் திறந்திருந்ததால், 2003இல் அம்மாவை இங்கே கூட்டி வந்தேன். செந்தோசா, பறவைப் பூங்கா என்று நான் திட்டம் போட்டிருக்க, முதல் ஞாயிற்றுக்கிழமையே தஞ்சோங் பகார் ரயில் நிலையத்துக்குப் போக வேணும் என்று நின்றார். 1932இல் திறந்த கட்டடம், முகப்பில் நான்கு பெரிய சிலைகள், அவற்றின் மேல் எஃப், எம், எஸ், ஆர் என்று நான்கு எழுத்து, அந்தக் கால மலாயா ரயில்வேயின் (Federated Malay States Railways) சுருக்கம். எங்கள் வீட்டில் அரிசி போட்டு வைத்த தாத்தாவின் இரும்புப் பெட்டியிலும் இதே எழுத்துகள்தான். சின்ன வயதில் அதைப் பார்த்துத்தான் ஆங்கில எழுத்துப் பழகினாராம். உள்ளே வாங்கில் வெகுநேரம் இருந்தார். "இவ்வளவு வசதியா இருந்திருக்கிறார், எங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார். தாத்தா மேல் அவருக்கு இருந்த கோபத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். 2011 ஜூன் 30 அந்த நிலையத்தில் இருந்து கடைசி ரயில் போனபோது பார்க்க வருகிறீர்களா என்று கேட்டேன், வர மாட்டேன் என்றுவிட்டார்.

சிங்கப்பூரில் அம்மாவுக்குப் பெரிய வேலை தொலைபேசிதான். அக்கா ரொறன்ரோவில், அண்ணா பாரிஸில். கோடையில் ரொறன்ரோவுக்கும் இங்கேயும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம் என்பதால் கடிகாரத்தைப் பார்த்தபடியே அக்காவின் வீட்டு நேரத்தைச் சொல்லிவிடுவார், பாரிஸ்தான் கொஞ்சம் சிக்கல். ஐந்து வெள்ளி அட்டை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று நாட்டுக் குடும்பத்தையும் எங்கள் புளோக்கில் இருந்தே நடத்தினார்: யாருக்குக் காய்ச்சல், யார் யாரோடு கோபம், எந்தப் பேரன் கணக்கில் பின்னுக்கு நிற்கிறான் என்று. எங்களுக்குச் சில வேளை எரிச்சலாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டி மட்டும் அம்மாவோடு ஒரு மொழியும் இல்லாமல் மணிக்கணக்காக இருப்பார், ஒருவர் நீத்துப்பெட்டிப் புட்டும் மற்றவர் உள்ளே வெல்லம் வைத்த புட்டுமாகக் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மா போய்விட்டார். மண்டாயில் தகனம், சாம்பல் கீரிமலையில். தாயை இழந்தவர்கள் பிடிக்கிற சித்திராப் பௌர்ணமி விரதத்தை மூன்று நாட்டிலும் பிடிக்கிறோம், யார் வீட்டில் என்ன கறி என்று முதல் நாளே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை.

இனி நான் கேட்க நினைத்தது. இடப்பெயர்வில் எங்கள் வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன, நடுத்தர வயது அம்மாவின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உயர்தரப் பரீட்சை முடிந்த அன்று நம் வகுப்புக்காரர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு கமெரா கொண்டுவந்து எங்கள் கிணற்றடியில் எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தார். அம்மாவும் ஈரக்கையோடு ஓரத்தில் நின்ற ஞாபகம். யார் என்று பெயர் மறந்துவிட்டது, இப்போது நோர்வேயில் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். படம் யாரிடமாவது இருந்தால் ஸ்கேன் பண்ணிச் சங்கத்துக்கு அனுப்பிவிடுங்கள், மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.