செரோக்கி ஊரில் இரண்டு நாள்

அட்லாண்டாவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் செரோக்கி வந்துவிடுகிறது. வட கரோலினாவின் மேற்கு மூலையில் ஒரு மலை ஊர். அக்டோபர் என்பதால் வழியெல்லாம் மரங்கள் மஞ்சளும் சிவப்புமாக நின்றன. ஸ்மோக்கி மலை தேசியப் பூங்காவைப் பார்க்கத்தான் கிளம்பினோம்; இரண்டு இரவு தங்க இந்த ஊரில் அறை எடுத்திருந்தோம். உள்ளே நுழைந்ததும் என் ஒன்பது வயது மகள்தான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, தெருப் பலகையில வேற ஏதோ எழுத்து இருக்கு!"

ஆங்கிலப் பெயருடன், இந்த ஊரின் அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி மக்களின் எழுத்திலும் பெயர் இருந்தது. எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாத செக்வோயா என்பவர், 1821 வாக்கில் தன் மக்களுக்காகத் தானே உருவாக்கிய எழுத்து அது. அந்தப் பலகைகளைப் படித்துவிட வேண்டும் என்று அவளுக்கு அப்போதே ஆசை வந்துவிட்டது. எனக்கோ கண் முழுக்க எதிரே மலைகளுக்கு நடுவில் 20 மாடிக்கு மேல் எழுந்து நின்ற கட்டடத்தின் மீது இருந்தது. அதுதான் கேசினோ.

சீட்டுக்கட்டுக்கே இடமில்லாத வீட்டில் வளர்ந்தவள் நான். சூதாட்டத்தை நம்பி ஓர் ஊர் பிழைப்பதா என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டு நாளில் அந்தக் கேள்வி வேறு மாதிரி ஆகிவிட்டது.

இந்த மக்களின் கதையை அருங்காட்சியகத்தில் நின்று படிக்கும்போது தொண்டை அடைத்தது. 1838-ல் அமெரிக்கப் படை செரோக்கி மக்களைச் சொந்த மண்ணிலிருந்து பிடுங்கி, இன்றைய ஓக்லஹோமா வரை துரத்தியது. வழியில் இறந்தவர்கள் சுமார் 4,000 பேர் என்கிறார்கள். துரத்தலுக்குத் தப்பி இந்த மலைகளிலேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்றைய கிழக்குச் செரோக்கி மக்கள். அன்று நிலம் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. அவர்களிடையே வளர்ந்த வில்லியம் தாமஸ் என்ற வெள்ளையர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்தார். தங்கள் பூமியையே காசு கொடுத்து வாங்க வேண்டிய நிலை.

அப்புறம் பல காலம் சுற்றுலாதான் பிழைப்பு. கோடையில் கூட்டம், பனிக்காலத்தில் கடைகள் மூடிக்கிடக்கும், வேலை இருக்காது. செரோக்கி மக்கள் அணிந்தே இராத பெரிய இறகுக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு, வருகிறவர்களோடு படத்துக்கு நின்று காசு வாங்கினார்கள். கைவினைக் கடையில் கூடை விற்ற பெரியம்மா ஒருவர், தன் மாமா அப்படி நின்றவர் என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கேசினோ வந்தது 1997 நவம்பரில். அதற்குப் பத்து ஆண்டு முன்பு, கலிஃபோர்னியாவின் கபசோன் பழங்குடி தொடர்பான வழக்கில், மற்றவர்களுக்கு அனுமதித்த சூதாட்டத்தைப் பழங்குடி நிலத்தில் மட்டும் மாநில அரசு தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறு ஆண்டே, 1988-ல், ஒரு சட்டம் வந்தது. அதன்படி பழங்குடிக் கேசினோவின் லாபம் பழங்குடியினர் தங்களுக்கென நடத்தும் அரசின் செலவு, மக்கள் நலன், பொருளாதார வளர்ச்சி, தருமம், உள்ளூர் அமைப்புகளுக்கு உதவி என்ற வகைகளில்தான் போக வேண்டும். இங்கே கேசினோ ஹாராஸ் என்ற பெயரில் நடக்கிறது, உரிமை பழங்குடியினருடையது. கேசினோ திறந்தபோது கிழக்குச் செரோக்கி மக்களின் தலைவராக இருந்தவர் ஜாய்ஸ் டூகன், இந்தப் பதவிக்குத் தேர்தலில் வென்ற முதல் பெண்.

லாபத்தில் பாதி பழங்குடி அரசுக்கு. மறு பாதியைப் பழங்குடியின் ஒவ்வொரு உறுப்பினருக்கும் சமமாகப் பிரித்து ஆண்டுக்கு இரண்டு முறை கொடுக்கிறார்கள். தகுதி பார்ப்பதில்லை, நிபந்தனையும் இல்லை. குழந்தைகளின் பங்கு தனியே சேர்த்து வைக்கப்படுகிறது, பெரியவர்களானதும் கைக்கு வரும். உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்களுக்கு அது சீக்கிரமே கிடைக்கும் என்ற விதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

இந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜேன் காஸ்டெல்லோ குழுவினர் 1993-லேயே இந்த வட்டாரத்தில் 1,420 குழந்தைகளின் மனநலத்தைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களில் சுமார் 350 பேர் பழங்குடிக் குழந்தைகள். ஆய்வின் நடுவில் கேசினோ திறந்தது, பணம் வரத் தொடங்கியது. யாரும் திட்டமிடாமலே ஒரு சோதனை அமைந்துவிட்டது. வறுமையிலிருந்து மேலே வந்த குடும்பங்களில் குழந்தைகளின் முரட்டுத்தனம், பொய், திருட்டு போன்ற நடத்தைச் சிக்கல்கள் கணிசமாகக் குறைந்தன. வறுமையையே பார்த்திராத குழந்தைகளின் அளவுக்கு இறங்கின. பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது ஒரு முக்கியக் காரணம் என்றது 2003-ல் வந்த கட்டுரை. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் கூடுதலாக ஓராண்டு படித்தார்கள் என்று பொருளாதார அறிஞர் ராண்டால் அகீயும் மற்றவர்களும் பின்னர் கண்டார்கள்.

ஏழை கையில் காசு கொடுத்தால் வீணாகும் என்று நம் பக்கத்திலும் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்! அவர்களையெல்லாம் இந்த ஊருக்கு அழைத்து வர வேண்டும் போல இருந்தது.

ஊர் மருத்துவமனையை 2002-ல் மத்திய அரசிடமிருந்து பழங்குடி அரசே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2015-ல் புதுக் கட்டடமும் வந்தது. கேசினோ வேலைக்குப் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். கூடை பின்னும் ஆற்று நாணல் அழிந்துவிடாமல் வளர்க்கக்கூட இந்தப் பணத்தில் உதவி போகிறது. அந்தப் பெரியம்மாவின் கூடையை அதற்காகவே வாங்கினேன். விலை அதிகம்தான், கொடுக்கலாம்.

இரவில், மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் கேசினோவுக்குள் போய்ப் பார்த்தேன். 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு பாட்டி ஸ்லாட் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் அரை மணி நேரம் சுற்றி வந்தபோதும் அதே இடம், அதே பொத்தான். அந்தக் காசும் சேர்ந்துதான் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் ஆகிறது. அந்தக் காட்சி மனதை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. ஆனால் நிலத்தைப் பிடுங்கிவிட்டு வேறு வழியே வைக்காதவர்களை விட்டுவிட்டு, இவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை பீன்ஸ் ரொட்டி சாப்பிட்டோம். சோளமாவில் பீன்ஸ் கலந்து, இலையில் சுற்றி வேகவைத்தது. உப்பு மட்டும் போட்ட இலைக்கொழுக்கட்டை மாதிரி இருந்தது.

எனக்கு அதிகம் ஒட்டிக்கொண்டது மொழிதான். இந்த ஊரில் நியூ கிட்டுவா அகாடமி என்ற பள்ளி இருக்கிறது. அங்கே குழந்தைகளுக்குச் செரோக்கி மொழியிலேயே பாடம். பழங்குடி அரசு நடத்தும் பள்ளி அது. பணம் கட்டடத்தைக் கட்டும், ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கும். தாய்மொழியாகப் பேசும் பாட்டி தாத்தாக்களோ ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். 2019-ல் இங்கே ஒன்று, ஓக்லஹோமாவில் இரண்டு என்று மூன்று செரோக்கி அரசுகளும் கூடித் தங்கள் மொழிக்கு அவசர நிலையே அறிவித்தன. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கு மகளைக் கூட்டிப் போகிற என்னால் அதை வெறும் செய்தியாகக் கடந்து போக முடியவில்லை.

மகளுக்குக் கடையில் செரோக்கி எழுத்து அட்டவணை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். ஓட்டல் கட்டிலில் விரித்துப் பார்த்தவள், "இது நம்ம உயிர்மெய் மாதிரியே இருக்கும்மா, க, கெ, கி, கொ, குன்னு வரிசையா வருது" என்றாள். ஆமாம், அசைக்கு ஓர் எழுத்து. மெய்யெழுத்து மாதிரித் தனித்து நிற்பது 'ஸ்' ஒன்றுதான்.

கிளம்பும்போது சாலையோரம் ஒரு வரவேற்புப் பலகை. காரை நிறுத்தச் சொன்னாள். அட்டவணையில் விரல் வைத்துத் தேடினாள். முதல் எழுத்துக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சி..."

அப்புறம் இரண்டாவது.

"யோ. சியோ! வணக்கம்னு எழுதியிருக்கும்மா."