வண்டல் தெளியும் வரை

முதுகலைக் கணித ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்டது கோடியக்கரைக் கடலின் நுண்பாசி. அது எந்த மாதத்தில் பெருகுகிறது, ஏன் பெருகுகிறது என்று கணக்கிட வேண்டும். மாறிகள் மூன்று: நீரிலுள்ள நைட்ரேட், அதை உண்டு வளரும் பாசி, பாசியை மேயும் விலங்கு மிதவையுயிரிகள் (நீரோட்டத்தில் மிதக்கும் சிற்றுயிர்கள்). 1946இல் கடலியலாளர் கார்டன் ரைலி அட்லாண்டிக்கின் ஜார்ஜஸ் திட்டுக்குச் செய்த கணக்கின் வழிவந்த கணித மாதிரி இது.

முதல் இரண்டு வாரம் கணினியோடு போராட்டம். ஒரு நாளை ஒரே படியாக எடுத்து, படியின் தொடக்கத்து மாற்ற வேகத்தையே படி முழுதும் நீட்டும் ஆய்லர் முறையில் கணக்கிட்டதில் நைட்ரேட் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. இல்லாத உரத்தைப் பாசி தின்றுகொண்டிருந்தது! படியை ஒரு மணி நேரமாகக் குறைத்து, படிக்குள் பல இடங்களில் வேகத்தைப் பார்த்துச் சராசரி எடுக்கும் ரங்கே–குட்டா முறைக்கு மாறியதும் சரியானது.

பிறகு வந்த விடைதான் என்னைத் தூங்கவிடவில்லை. கார்த்திகையில் பாசி உச்சம் என்றது மாதிரி. பருவமழையில் சம்பா வயல்களின் உரம் வடிகால்கள் வழியே கடல் சேரும் மாதம் என்பதால் நானும் நம்பினேன். கடலுக்குப் போகும் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“கார்த்திகையில் தண்ணீர் சேற்றுக் குழம்பாக அல்லவா கிடக்கும்? வாடை அடங்கித் தை பிறந்தால்தான் தெளியும். பச்சை அதற்கப்புறம்தான் தம்பி.”

ஒளிக்கும் பாசிப் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பு பற்றி நான் படித்த, கடலியலாளர் ஸ்வெர்ட்ரப்பின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை நார்வே கடலைப் பற்றியது. அங்கே குளிர்காலத்தில் வெயிலே அரிது. நம் கரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒன்றேகால் மணி நேரமே வேறுபாடு. இங்கே ஒளியை மறைப்பது வண்டல். ஆழம் போகப் போக ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் ஒளித் தணிவெண் மீட்டருக்கு 0.2 என்றால் 3 மீட்டர் ஆழத்தில் 55 சதவீத ஒளி எஞ்சும். அதுவே 2 ஆனால் கால் சதவீதம்கூட எஞ்சாது. வாடைக் காற்றின் வேகத்தோடு கூடிக் குறையும் வண்டலைத் தணிவெண்ணில் சேர்த்தேன்.

செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்டபோது மறுபடியும் குழப்பம். மழை மாதங்களில் பெரும்பாலும் மேகம். கிடைத்த சில படங்களில் பச்சையம் மிக அதிகம். கலங்கிய கரையோர நீரில் செயற்கைக்கோள் வண்டலையும் பச்சையமாகக் கணக்கிட்டுவிடும் என்று வழிகாட்டி விளக்கினார். அந்த எண்களை ஒதுக்கிவிட்டு, படகில் போய் நாங்களே மொண்டுவந்த நீர் மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். எண்ணிக்கையில் குறைவு, ஆனால் நம்பலாம்.

உச்சம் பங்குனிக்கு நகர்ந்தது. வரைபடத்தைச் சித்தப்பாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தவர், “மாசியிலேயே பச்சை கட்டிவிடுமே” என்றார். வண்டல் படியும் வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டேன் போலும். அதைக் கூட்டி இன்றிரவு மீண்டும் ஓட்டிப் பார்க்கிறேன்.