கார் போட்டாச்சா? நெல்லைச் சீமையில் பழைய கார்களோடு மூன்று நாள்

நேற்று ராத்திரி பத்தரைக்குத்தான் மதுரை வந்து சேர்ந்தேன். சட்டையில் பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை. டிக்கியில் வைத்திருந்த அல்வாப் பொட்டலம் ஒன்றில் கிரீஸ் வாடை ஏறிவிட்டது. வீட்டில் அந்தப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன். வழி, தங்கல், சாப்பாடு, செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் உத்தேசம்.

முதலில் ஒரு தன்னிலை விளக்கம். போனது பழைய ஸ்போர்ட்ஸ் கார் கிளப்போடு. என்னிடம் இருப்பதோ 1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், நாலு கதவு. வண்டலூரில் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்ட் இரண்டு கதவோடுதான் இருந்தது. நாலு கதவு நம் ஊருக்கென்றே செய்தார்கள். 948 சிசி எஞ்சின். இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் ஹெரால்டே சிரிக்கும். ஆனால் 1962-ல் ட்ரையம்ஃப் கம்பெனி ஸ்பிட்ஃபயர் என்று இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் விட்டதே, அது இதே ஹெரால்டின் சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, வெட்டிக் குட்டையாக்கிச் செய்ததுதான். அந்த உறவைச் சொல்லித்தான் கிளப்பில் நுழைந்தேன். பணக்கார வீட்டுக் கல்யாணத்தில் ஒன்றுவிட்ட சித்தப்பாவுக்கு என்ன மரியாதையோ, அதுதான் எனக்கும்.

மொத்தம் ஒன்பது வண்டிகள். எம்ஜிபி இரண்டு, ஸ்பிட்ஃபயர் ஒன்று, ஜாகுவார் ஒன்று, மற்றவை கலவை. ஜாகுவார் சென்னையிலிருந்து லாரியில் ஏறி வந்தது. வண்டலூர்க்காரி சொந்தக் காலில் நடந்து வந்தாள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கட்டணம் ஒரு வண்டிக்கு, இரண்டு பேருக்கு, 9,500 ரூபாய். பெட்ரோல் தனி. மனைவி வர மறுத்துவிட்டதால் பாளையங்கோட்டையில் இருக்கும் மச்சினனைப் பக்கத்து இருக்கைக்குப் பிடித்துக்கொண்டேன்.

மதுரை முதல் நெல்லை வரை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வழிச் சாலை, டோல்கேட், மறுபடியும் டோல்கேட். அறுபதில் போகிற வண்டியை எல்லாரும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போவார்கள். பழைய கார் வைத்திருப்பவர்கள் நான்கு வழிச் சாலைக்கே வரக்கூடாது என்பது என் கட்சி.

வெள்ளி சாயங்காலம் ஊருக்குள் அணிவகுப்பு. வண்ணார்பேட்டையிலிருந்து சுலோசன முதலியார் பாலம் வழியாக டவுன் வரை. 1843-ல் அந்த மனிதர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுத் தாமிரபரணிக்குப் பாலம் கட்டினார். எங்கள் கிளப்பில் ஒரு போட்டோவுக்கு 1,500 ரூபாய் தனியாகக் கேட்டார்கள். ஆமாம், 9,500-க்கு மேல் இது. நான் கொடுக்கவில்லை. அதனால் டிரோன் எடுத்த படத்தில் ஒன்பது வண்டிக்கு எட்டுதான் இருக்கிறது.

கீழ ரத வீதியில் எங்கள் மானம் போனது. ஆனித் தேரோட்டம் நெருங்குகிறது அல்லவா, நெல்லையப்பர் தேரைச் சுற்றியிருந்த தகரத்தைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் போய் எங்கள் ஆட்கள் பந்தாவாக வண்டிகளை நிறுத்தினார்கள். ஜாகுவாரின் கைப் பிரேக் பிடிக்கவில்லை, பைய உருள ஆரம்பித்தது. தேர் வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரு மரக்கட்டையை எடுத்து வந்து, சக்கரத்துக்குக் கீழே காலால் தள்ளி, "முட்டுக்கட்டை இல்லாம தேர் கொண்டாரலாமா அண்ணாச்சி?" என்றார். ஜாகுவார்காரருக்கு முகம் செத்துவிட்டது. இன்றைக்கும் ஆட்களே வடம் பிடித்து இழுக்கும் தேர் அது. அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் பல்லாங்குழி மாதிரிதான் தெரியும்.

அல்வா வரிசையில் நாற்பது நிமிஷம். இருட்டுக்கடையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, விட்டுவிடுகிறேன்.

ராத்திரி ஓட்டலில் பஃபே. நெல்லைக்கு வந்து பனீர் பட்டர் மசாலா சாப்பிட வைத்தவர்களை என்ன சொல்ல? சாப்பாட்டை விடப் பேச்சு உருப்படியாக இருந்தது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் வந்த விதிப்படி 'விஏ' எழுத்தோடு தனி நம்பர் வாங்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. வாங்கச் சொல்லி எல்லாரும் எனக்கு உபதேசம். வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க, இப்படித்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க நான் எதில் போவது? வேண்டாம் சாமி.

சனிக்கிழமைதான் இந்தப் பயணத்தின் உயிர். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம். இந்த ரோட்டுக்காகவே ஹெரால்டைச் செய்தார்களோ என்று தோன்றியது. நாற்பது, நாற்பத்தைந்தில் போனால் போதும். ஒரு பக்கம் வாய்க்காலும் வயலும், எதிரே பொதிகை மலை முழுக்க மேகம். கண்ணாடியை இறக்கினால் சேற்று வாசனை. மேலே மலையில் மழை, கீழே எங்களுக்கு வெயிலும் இல்லை நனைவதும் இல்லை.

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். தோளில் துண்டு போட்ட ஒரு தாத்தா, சைக்கிளில் வந்து இறங்கிய ஒருவரைப் பார்த்து, "என்னவே, கார் போட்டாச்சா?" என்று கேட்டார். நடுவில் நின்ற எம்ஜிபிக்காரர், சென்னை ஆள், தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "போட்டாச்சுங்க, அந்த ஆலமரத்தடியில" என்றார். தாத்தா குழம்பிப்போய், "ஆலமரத்தடியிலயா? அங்க எப்படிய்யா தண்ணி பாயும்?" என்றார். மச்சினனுக்குப் புரையேறி டீ மூக்கு வழியாக வந்தது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஜூன் மாதம் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் நெல். அதைத்தான் தாத்தா கேட்டார். விஷயம் புரிந்த பிறகும் எம்ஜிபிக்காரர் சிரிக்கவில்லை. அதன் பிறகு எங்கே வண்டியை நிறுத்தினாலும் யாராவது ஒருவர், "கார் போட்டாச்சா?"

சிரித்த வாய் மூடுவதற்குள் எனக்கு வந்தது வினை. கல்லிடைக்குறிச்சிக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி விக்கல் எடுத்தது. இரண்டு தடவை குலுங்கி நின்றுவிட்டது. ஹெரால்டில் பானெட் மட்டும் தனியாகத் திறக்காது. மூக்கு, மட்கார்டு எல்லாம் சேர்ந்து முதலை வாய் மாதிரி முன்னால் கவிழும். முன் டயர் மேல் ஹாயாக உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அந்த வசதியைப் பார்த்ததும் கிளப் நிபுணர்கள் ஆளுக்கொரு டயரில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர், சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டது என்றார். இன்னொருவர், எத்தனால் கலந்த பெட்ரோல் ரப்பர் குழாயை அரித்துவிட்டது என்றார். ரப்பர் குழாயை இரண்டு மாதம் முன்புதான் மாற்றினேன், கேட்க ஆளில்லை. பெட்ரோல் பம்ப் மேல் என் துண்டை நனைத்துப் போட்டு, இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டில் மூன்றை ஊற்றினார்கள். அதுவும் என் பாட்டில்.

அரை மணி நேரம் ஆறிய பிறகு ஸ்டார்ட் ஆனது. "பார்த்தீர்களா!" என்றார் முதல் நிபுணர். அரை கிலோமீட்டர் போய் மறுபடி விக்கல். பாபநாசத்தில் மதியச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது என்று எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். கும்பலாகப் போவதன் லட்சணம் இதுதான். அணிவகுப்புக்கு ஒன்பது வண்டி, ரிப்பேருக்கு ஒன்று.

கிளப் கொடுத்த எண்ணில் ரெக்கவரி வண்டிக்காரரைக் கூப்பிட்டேன். நெல்லை வரை முப்பத்தைந்து கிலோமீட்டர்தான் இருக்கும். 8,000 ரூபாய் கேட்டார். "பழைய காரு சார், பாத்து ஏத்தணும்ல" என்றார். புதுக் காரைப் பார்க்காமல் ஏற்றுவாரோ என்னவோ. "அத்தான், அந்தக் காசுக்கு இந்த வண்டியத் தள்ளிக்கிட்டே போயிருவோம்" என்றான் மச்சினன். போனை வைத்துவிட்டேன்.

அவன் அங்கே இங்கே விசாரித்து, ஒரு மெக்கானிக்கை மொபெட்டின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தான். எழுபது வயது இருக்கும். வண்டியைப் பார்த்ததும் முகம் மலரும் என்று நினைத்தேன். "சீ, இந்தச் சனியனா? அம்பாசிடர் கிடைக்கலையா உங்களுக்கு?" என்றார். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றச் சொல்லி, குனிந்து பார்த்தார். உள்ளே மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயிண்டில் மஞ்சளாகத் தீப்பொறி தெறித்தது. "பெட்ரோல்ல ஒண்ணுமில்ல. கண்டென்சர் போச்சு. சூடானா படுத்துக்கிடும், ஆறுனா எந்திரிக்கும். அதனாலதான் உங்க ஆளுவ ஏமாந்துட்டாங்க." கண்டென்சர் என்பது அந்தப் பொறியை அடக்கும் குட்டி உருளை. பாயிண்ட் முகம் கருகி, நடுவில் குழி விழுந்திருந்தது. உப்புத்தாளில் தேய்த்தார். இடைவெளி பார்க்கக் கேஜ் இல்லை. டேஷ்போர்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்துச் செருகி, இழுத்துப் பார்த்து, திருகை முறுக்கினார். மாப்பிள்ளை பெயர் இருந்த பக்கம் என்று நினைக்கிறேன். தகர டப்பாவிலிருந்து ஓர் அம்பாசிடர் கண்டென்சரை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியே திருகி, ஒரு ஒயர் இழுத்து விட்டார். உள்ளே பொருந்தாதாம், வெளியே இருந்தாலும் வேலை செய்யுமாம்.

ஒரே அடியில் ஸ்டார்ட். எவ்வளவு என்றேன். 900 என்றார். நான் 500-ல் ஆரம்பித்தேன். "நேரத்துக்கு வந்தவன் கிட்ட பேரம் பேசுதீரே" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் 750. தர்ம நியாயமான தொகைதான், பேரம் பேசியது என் பழக்கதோஷம். ஆனால் கழற்றிய கண்டென்சரைத் தராமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், அது எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாபநாசம் சாப்பாடு போனது போனதுதான், காசு திரும்பாது. அதற்கு நான் கிளப்புக்கு நன்றி சொல்ல வேண்டும். மச்சினன் அம்பாசமுத்திரத்தில் ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப் போனான். சனிக்கிழமை மட்டும் சொதி. நெல்லைக் கல்யாண வீடுகளில் மறுவீட்டு விருந்துக்கு மாப்பிள்ளைக்கு வைப்பார்களே, அதேதான். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளை, பீன்ஸ், எல்லாம் இரண்டாம் தேங்காய்ப்பாலில் வெந்து, இறக்கும்போது முதல் பால். முதல் பால் ஊற்றிய பிறகு கொதிக்க விட்டால் திரிந்துவிடும். அங்கே பட்டு மாதிரி இருந்தது. தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சொதியின் சாதுத்தனத்துக்கு அந்த இஞ்சியின் உறைப்பும் புளிப்பும் இல்லாவிட்டால் இரண்டாவது வாயில் திகட்டும். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். பரிமாறிய அம்மா நான்காவது தடவை கேட்காமலே போட்டார். இலைக்கு 130 ரூபாய். முந்தின நாள் பஃபேயை நினைத்து வயிறு எரிந்தது, சொதியின் மேலேயே.

பாபநாசம் போனபோது மணி மூன்றரை. கிளப் கிளம்பிக்கொண்டிருந்தது. நாங்கள் ஆற்றில் குளித்துவிட்டு இருட்டில் நிதானமாகத் திரும்பினோம்.

ஞாயிறு தெற்கே, ராதாபுரம் வழியாக உவரி. ஆனி ஆடியில் அந்தப் பக்கம் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, ஊர் முழுக்கக் காற்றாலை வைத்தும் தீரவில்லை. ஹெரால்ட் லேசான வண்டி, ஸ்டியரிங்கைப் பாதி வலது பக்கம் பிடித்துக்கொண்டே நேராகப் போனேன். ஸ்பிட்ஃபயரின் துணிக் கூரை பட்டன் ஒவ்வொன்றாக 'டப் டப்' என்று விட்டு, கடைசியில் கொடி மாதிரி பின்னால் பறந்தது. ஓட்டியவர் கூரையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிறுத்தினார். லாரியில் வந்த ஜாகுவார் அன்றைக்கு லாரியிலேயே இருந்துவிட்டது.

உவரியில் கப்பல் வடிவத்தில் மாதா கோயில் பார்த்துவிட்டு, திசையன்விளை தேரிக்காடு. இரும்புச் சத்தால் சிவந்த மணல், கண்ணுக்கெட்டின மட்டும் பனை. பதநீர் கிடைத்தது, ஓலைப் பட்டையில் ஊற்றி 30 ரூபாய். ரோட்டின் குறுக்கே அந்தச் சிவப்பு மணல் பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்து ஓடும். அழகுதான், கார்புரேட்டர் வைத்திருப்பவனுக்கு வயிற்றைக் கலக்கும் அழகு. ஏர் ஃபில்டரைக் கழற்றி பானெட் மேல் தட்டினேன், குங்குமச் சிமிழ் கொட்டியது போல ஒரு கைப்பிடி. "அத்தான், அக்காவுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றான்.

செலவு: கட்டணம் 9,500, பெட்ரோல் ஐயாயிரத்தை ஒட்டி, மெக்கானிக் 750, அல்வா, கருப்பட்டி, டீ, இத்யாதி 1,800. தங்கல் பற்றி எழுதுவதாகச் சொன்னேன். ஏசி ஓடியது, பக்கத்து அறையில் குறட்டை கேட்டது, அவ்வளவுதான்.

காலையில் கிளப்பிலிருந்து அடுத்த பயணத்துக்குத் தகவல் வந்துவிட்டது. கொடைக்கானல், வண்டிக்கு 12,000. பதில் போடவில்லை. அம்பாசிடர் கண்டென்சர் வெளியே தொங்கியபடி அப்படியே இருக்கிறது. சாயங்காலம் அதைக் கழற்றலாமென்று பானெட்டைக் கவிழ்த்தேன், அப்புறம் மூடிவிட்டு வந்துவிட்டேன்.