ஒரு முத்திரைக்காக ஜிஜிகாவில் மூன்று நாள்

கடிதத்தில் கையெழுத்து இருந்தது, மாஹ்தெம் என்கிற அலுவலக முத்திரை இல்லை. அதற்காக அப்பாவும் நானும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் திரும்பிப் போனோம், அதுவும் சோமாலியாவோடு சண்டை நடக்கிற பக்கமாக.

1977 ஜூலை. எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா எத்தியோப்பியாவில் பள்ளி ஆசிரியர். பேரரசரை 1974-இல் இறக்கிய தெர்க் ராணுவ ஆட்சியில், நாட்டை விட்டுப் போக வெளியேறும் அனுமதி வேண்டியிருந்தது. வரி பாக்கி இல்லை, பள்ளி விடுவித்துவிட்டது, இந்த இரண்டு காகிதமும் சிரமமில்லாமல் கிடைத்தன. மூன்றாவது, நாங்கள் குடியிருந்த கிழக்குப் பக்கத்து ஊரான ஜிஜிகாவின் கெபெலே, அதாவது வட்டார நிர்வாக அலுவலகம், தரும் 'வாடகை பாக்கி இல்லை' கடிதம். 1975-இல் வாடகை வீடுகளை அரசு எடுத்துக்கொண்டதிலிருந்து எங்கள் வாடகையைக் கெபெலேவில்தான் கட்டினோம்.

அடிஸ் அபாபாவில் அரை நாள் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்தவர் கடிதத்தைப் படிக்கவேயில்லை. அடியில் மட்டும் பார்த்தார். "மாஹ்தெம் எங்கே?" வட்ட முத்திரை விழாத காகிதம் அந்த நாட்டில் வெறும் காகிதம்தான்.

ஜிபூத்தி ரயில் பாதையில் பாலங்களைத் தகர்த்திருந்தார்கள். பஸ்ஸில் திரே தாவா, அங்கிருந்து லாரியில் ஹரார் வழியாக ஜிஜிகா. எனக்குச் சோமாலி நன்றாக வரும் என்பதால் அப்பா என்னைக் கூட்டிப் போனார். அம்மா அழுதாள்.

கெபெலேவில் முத்திரை இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் காவல் பணிக்குப் போயிருந்தார். உட்கார்ந்திருந்தவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "இஷி, நெகெ." சரி, நாளைக்கு. மறுநாளும் அதே நெகெ. அப்பா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மேசையைத் தட்டினார். துப்பாக்கி வைத்திருந்த பையன் ஒருவன் எழுந்து நின்றான். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்களுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தது பழைய பக்கத்து வீட்டுச் சோமாலி அம்மா. மூன்றாம் நாள் அவர்தான் தெருத்தெருவாக விசாரித்து சாவி வைத்திருந்த ஆளைக் கையோடு கூட்டி வந்தார். தோளில் துப்பாக்கி, தூக்கமில்லாத கண். மைப் பெட்டி காய்ந்திருந்தது. முத்திரையின் மேல் வாயால் ஊதி, அழுத்தினார். பாதி வட்டம்தான் விழுந்தது. "இன்னொரு தடவை, ஐயா" என்றார் அப்பா. அவர் எச்சில் தொட்டுத் திரும்பவும் அழுத்தினார். ஊதா நிறத்தில் முழு வட்டம். அப்பா அதை ஊதி ஊதிக் காயவைத்தார்.

அங்கே காகிதம் வாங்கப் போகிறவர்கள் மேசையை விட்டு எழுவதற்கு முன் மாஹ்தெமைப் பாருங்கள். 'மூன்று மணிக்கு வா' என்றால் காலை ஒன்பது. அவர்கள் கணக்கில் விடிந்த பிறகுதான் மணி தொடங்கும். தேதியையும் நம் நாட்காட்டிக்கு மாற்றி எழுதி வாங்குங்கள். என் பள்ளிச் சான்றிதழில் ஹம்லே 1969 என்றிருந்தது, அவர்கள் நாட்காட்டியில் அதுதான் 1977 ஜூலை. சென்னையில் அதைப் பார்த்தவர், "நாலு வயசில் ஆறாம் வகுப்பா?" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

புறப்பட்ட அன்று அப்பா நீட்டிய பிர் நோட்டுகளை அந்த அம்மா வாங்கவில்லை. "திரும்பி வரும்போது கொடு" என்றார். செப்டம்பரில் ஜிஜிகா சோமாலியப் படையிடம் விழுந்தது. என் அம்மாவின் பெட்டியில் இன்னும் அந்தக் கடிதம் இருக்கிறது, முத்திரை ஒன்றரை வட்டமாக: 'இவருக்கு இந்த ஊரில் எந்தப் பாக்கியும் இல்லை.'