சிலிகோன் ரெசின் கேள்வி: கொள்கையை விடக் கணக்கு முக்கியம்

எம்.எஸ்சி. பசுமை வேதியியல் தாளில் சிலிகோன் ரெசின் (சிலிக்கன்–ஆக்சிஜன் வலைப்பின்னலால் ஆன பிசின்) தயாரிப்பு பற்றிக் கேட்டால், பலரும் பசுமை வேதியியலின் பன்னிரண்டு கொள்கைகளையும் ஒப்பித்து எழுதிவிட்டு வருகிறார்கள். நான் முதலில் சமன்பாட்டை எழுதிக் கணக்குப் போட்டேன். பாடம் அதன் பிறகுதான் விளங்கியது.

பழைய வழியில் மெத்தில்டிரைகுளோரோசிலேனை (சிலிக்கனோடு ஒரு மெத்திலும் மூன்று குளோரினும் இணைந்த சேர்மம்) டொலுயீன் போன்ற கரைப்பானில் கலந்து நீராற்பகுப்பார்கள். கிடைக்கும் மூலக்கூறுகள் நீரை இழந்து முழுமையாக ஒன்றிணைந்தால், 1 கிலோ மெத்தில் ரெசினுக்குச் சுமார் 1.6 கிலோ ஹைட்ரஜன் குளோரைடு வெளியேறும். அணுச் சிக்கனம், அதாவது வினைபடும் பொருள்களின் எடையில் விளைபொருளாக மாறும் பங்கு, 38 சதவீதம். குளோரினுக்குப் பதில் எத்தாக்சி தொகுதி உள்ள சிலேனை எடுத்தால் எத்தனால் வரும்; அணுச் சிக்கனமோ 33 சதவீதமாக இறங்கிவிடும்!

இந்த இடத்தை அவசரமாகத் தாண்டாதீர்கள். 1991-இல் வேதியியலாளர் டிராஸ்ட் முன்வைத்த அந்த அளவுகோல் எடையை மட்டும் பார்க்கிறது. வெளியேறுவது எதை அரிக்கும், யாரைப் பாதிக்கும் என்று பார்ப்பதில்லை. அமிலம் வந்தால் ரெசினைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், அந்தக் கழிவுநீரையும் நடுநிலையாக்க வேண்டும். எத்தனாலை வடித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம், டொலுயீனையும் தவிர்க்கலாம். மெத்தாக்சி சிலேனுக்கு 41 சதவீதம் வரும், ஆனால் வெளியேறும் மெத்தனால் நச்சு. இந்த மூன்று எண்களையும் அருகருகே எழுதி விளக்கினாலே விடை கனம் பெறும்.

அடுத்து கணக்கின் எல்லைக்கோடு. எத்தாக்சி, மெத்தாக்சி போன்ற அல்காக்சி சிலேன்கள் பெரும்பாலும் குளோரோசிலேனிலிருந்தே வருகின்றன. அமிலம் வெளியேறுவது முந்தைய படிக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிய ஆலைகள் அந்த ஹைட்ரஜன் குளோரைடை மெத்தனாலுடன் சேர்த்து மெத்தில் குளோரைடாக்கி, 1940-இல் வேதியியலாளர் ரோக்கோ கண்டறிந்த நேரடி முறைக்கே (சிலிக்கனையும் மெத்தில் குளோரைடையும் நேராக வினைபுரிய வைத்து மெத்தில் குளோரோசிலேன் செய்வது) திருப்பி அனுப்புகின்றன. ஆகவே எங்கிருந்து எதுவரை கணக்கிடுகிறீர்கள் என்பதை விடையின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

வினையூக்கிக்கு இரண்டு வரி போதும்: ஒன்று, வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படும் அயனிப் பரிமாற்றப் பிசின்; இரண்டு, ரெசினை இறுக வைக்கும் வெள்ளீயச் சேர்மங்களுக்கு ஒரு மாற்று.

நெல் உமிச் சாம்பலின் சிலிக்காவிலிருந்து டெட்ராஎத்தாக்சிசிலேன் செய்யும் ஆய்வு நம் ஊர் மாணவர்களுக்குப் பிடித்த உதாரணம். எனக்கும் பிடிக்கும். ஆனால் வாய்மொழித் தேர்வில் "மெத்தில் தொகுதி எங்கிருந்து வரும்?" என்று கேட்பார்கள். அந்தச் சிலேனில் சிலிக்கன்–கார்பன் பிணைப்பே கிடையாது. அதனால் ரெசினின் கியூ அலகுக்கு (நான்கு ஆக்சிஜனோடு இணைந்த சிலிக்கன்) மட்டுமே அது உதவும். மெத்தில் உள்ள அலகுகளுக்கு இன்றும் பெரும்பாலும் நேரடி முறைதான்.